இருண்ட சந்து – கடிதமும் பதிலும்

அன்புள்ள சார்,

போன மாதம் பழைய புத்தகக் கடையில், ஜெர்மன் மொழியில் எழுதிய குஸ்டாவ் மெய்ரிங்கின் ‘தி கோலெம்’ கிடைத்தது. சாதாரணப் பேய்க்கதை என்று நினைத்துத்தான் வாங்கினேன். படித்து முடித்தபோது பிராக் நகரத்து யூதத் தெருக்களில் மூன்று நாள் வழிதெரியாமல் அலைந்துவிட்டு வந்த மாதிரி இருந்தது. இதுவரை நான் படித்ததெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கப் பேய்கள்தான். மற்ற ஐரோப்பிய மொழிகளில் இப்படி எழுதியவர்களை எப்படித் தேடுவது? இன்னொரு சந்தேகமும் உண்டு. போலிஷிலோ பிரெஞ்சிலோ எழுதியதை ஆங்கிலத்தில் படித்தால், அந்தப் பயம் பாதி வழியிலேயே சிந்திப்போயிருக்காதா?

ஒரு வாசகர், மதுரை

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் பிரதியின் முதல் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள். மைக் மிட்செல் என்ற பெயர் இருக்கிறதா? இருந்தால் நீங்கள் போகவேண்டிய வழி கையிலேயே இருக்கிறது. மிட்செல் ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் கற்பித்தவர். 1995இல் அந்த வேலையை விட்டுவிட்டு முழுநேர மொழிபெயர்ப்பாளர் ஆனார். டீடலஸ் என்ற சிறிய ஆங்கிலப் பதிப்பகத்துக்காக மெய்ரிங்கின் நாவல்களை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்தார். ஆல்ஃப்ரெட் குபினின் ‘தி அதர் சைட்’ நாவலும் அவர் மொழிபெயர்த்ததுதான். குபின் ஓவியர். ‘கோலெம்’ நாவலுக்கென்று வரைந்த படங்கள், மெய்ரிங்க் எழுதி முடிக்கத் தாமதமானதால், 1909இல் வந்த குபினின் சொந்த நாவலுக்குள் போய்ச் சேர்ந்தன. அடுத்து இதைப் படியுங்கள். ஒரே இருட்டிலிருந்து வந்த இரண்டு புத்தகங்கள் இவை.

மொழிபெயர்ப்பாளரின் பெயரைப் பிடித்துக்கொண்டு போங்கள் என்பதுதான் நான் சொல்ல விரும்புவது. நான் அப்படித்தான் போனேன். இந்த வகை எழுத்தில், ஒருவர் ஓர் எழுத்தாளர் மேல் பித்துப் பிடித்து, ஆண்டுக்கணக்கில் சுமந்து, கடைசியில் ஒரு சிறு பதிப்பகத்தின் வாசலில் இறக்கிவைக்கிறார். அந்த ஒருவர் இல்லையென்றால் அந்த எழுத்தாளர் ஆங்கிலத்தில் இல்லை.

ஸ்டெஃபான் கிராபின்ஸ்கியைப் பாருங்கள். 1887இல் பிறந்த போலந்துக்காரர், பள்ளி ஆசிரியர், காசநோயாளி. 1919இல் முழுக்க முழுக்க ரயில்களை வைத்தே ஒரு கதைத் தொகுப்பு வெளியிட்டார். அதில் ஒரு கதையில், எந்த அட்டவணையிலும் இல்லாத ஒரு ரயில் தண்டவாளங்களில் திரிகிறது. எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று ரயில்வே ஊழியர்களுக்குத் தெரியாது. பாழடைந்த மாளிகை வேண்டாம், நள்ளிரவு வேண்டாம். நீராவியும் இரும்பும் வேகமும் அவருக்குப் போதும். 1936இல் ஏறக்குறைய மறக்கப்பட்டவராக இறந்தார். 1975இல் போலந்தின் அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஸ்டானிஸ்லாவ் லெம் அவர் கதைகளைத் தேர்ந்தெடுத்து ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் அவரைத் தூக்கி நிறுத்தியவர் மிரோஸ்லாவ் லிபின்ஸ்கி. அவர் மொழிபெயர்த்த ‘தி டார்க் டொமைன்’ 1993இல் டீடலஸ் வெளியீடாக வந்தது.

அதில் ‘தி க்ளான்ஸ்’ என்ற கதையை முதலில் படியுங்கள். ஒரு பெண் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போகிறாள். திரும்பி வரவே இல்லை. அன்றிலிருந்து அந்த வீட்டு மனிதனுக்குக் கதவைக் கண்டால் நடுக்கம். பிறகு திரைச்சீலை. பிறகு தெருமுனை. மறைவாக இருக்கும் எதற்குப் பின்னாலும் ஏதோ ஒன்று காத்திருக்கிறது என்ற எண்ணம் கொஞ்சம் கொஞ்சமாக வளர்கிறது. ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் இவ்வளவு பயமுறுத்திய கதையை நான் வேறு படித்ததில்லை.

அப்புறம் ழான் ரே. பெல்ஜியத்தின் கென்ட் நகரத்துக்காரர். 1925இல் முதல் தொகுப்பு வந்தது, மறு ஆண்டே பண மோசடி வழக்கில் கைதாகிச் சிறைக்குப் போனார். வெளியே வந்து 1932இல் வெளியிட்ட தொகுப்பில் ஒரு கதை, ஹாம்பர்கில் நடப்பது. ஊரில் வேறு யார் கண்ணுக்கும் தெரியாத ஒரு சந்து ஒரு பள்ளி ஆசிரியருக்கு மட்டும் தெரிகிறது. உள்ளே போகிறார். ஒரு வீட்டில் இருக்கும் பொருளை எடுத்துவந்து விற்கிறார். மறுபடி போகிறார், எடுத்த பொருள் அதே இடத்தில் இருக்கிறது. பேராசை முன்னால் போகிறது, பயம் பின்னால் வருகிறது.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு இந்தக் கதையை வைத்தே பதில் சொல்கிறேன். 1965இல் லோவெல் பேர் இதை மொழிபெயர்த்தபோது தலைப்பில் ‘ஸ்ட்ரீட்’ என்று போட்டார். 2019இல் வேக்ஃபீல்ட் பிரஸ் வெளியிட்ட ஸ்காட் நிக்கோலேயின் மொழிபெயர்ப்பில் அது ‘ஆலி’ ஆனது. பிரெஞ்சு மூலத்தில் ‘ரூயெல்’, அதாவது சந்து. தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், சந்தில் சுவர்கள் நெருங்கி வரும். நிக்கோலே தானே திகில் கதை எழுதுபவர் என்பதால் அந்த வித்தியாசம் அவருக்கு உறைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். ஆக, சிந்துவது உண்மைதான். கேலியும் வட்டார வழக்கும் நிறையவே சிந்தும். பயம் அவ்வளவு சிந்துவதில்லை. எதை முதலில் காட்டுவது, எதைக் கடைசிவரை மறைப்பது என்ற வரிசையில்தான் பயம் இருக்கிறது, அந்த வரிசை மொழி தாண்டியும் கலையாது.

புதியவர்களும் உண்டு. வலன்கோர்ட் பதிப்பகம் 2020இல் வெளியிட்ட உலகத் திகில் கதைத் தொகுப்பில் ஹங்கேரியின் அட்டிலா வெரெஷ் எழுதிய கதையைத் தேடிப் படியுங்கள். ஒரு தாய் தன் மகனிடம், உன் பொம்மை சீக்கிரம் செத்துவிடும் என்கிறாள். சரி, இதற்கு மேல் சொல்ல மாட்டேன்.

எல்லாவற்றையும் வாங்கக் கையில் காசு இல்லையென்றால், ஆனும் ஜெஃப் வாண்டர்மீரும் தொகுத்து 2011இல் வந்த ‘தி வியர்ட்’ ஒன்று போதும். மெய்ரிங்க், கிராபின்ஸ்கி, ரே மூவரும் அதில் இருக்கிறார்கள். நம் தாகூரும் இருக்கிறார்.

தனிப் புத்தகங்கள் கண்ணில் பட்டால் தள்ளிப்போடாதீர்கள். டீடலஸுக்கு வந்துகொண்டிருந்த அரசு மானியம் 2008இல் நின்றபோது அந்தப் பதிப்பகமே மூடப்படும் நிலைக்கு வந்தது. வேறொரு நிறுவனம் கைகொடுத்ததால் பிழைத்தது. இந்தப் புத்தகங்கள் அச்சில் இருப்பதே அப்படி ஒரு நூலிழையில்தான். ‘தி க்ளான்ஸ்’ படித்ததும் எழுதுங்கள். அந்தக் கதையின் முடிவைப் பற்றி உங்களிடம் பேச வேண்டும்.