உலகமயமாக்கலோட நஷ்டக் கணக்கைப் படிச்சா வேலை கிடைக்குமா?

சார், உங்க மெசேஜ் முழுசா படிச்சேன். பொண்ணு எகனாமிக்ஸ் எடுத்து அப்புறம் இன்டர்நேஷனல் ட்ரேட் பக்கம் போகணும்ங்கறா, அதுலயும் உலகமயமாக்கலால யாரு நஷ்டப்பட்டாங்க, அதனால அரசியல் எப்படி மாறுச்சுங்கறதுதான் அவளுக்குப் பிடிச்ச விஷயம். உங்களுக்கு ரெண்டு பயம். இதுக்கெல்லாம் எவன் சம்பளம் குடுப்பான்ங்கறது ஒண்ணு, நாளைக்கு கொடி பிடிச்சுட்டு ரோட்ல நிப்பாளோங்கறது இன்னொண்ணு. அதுக்கு பதிலா கம்ப்யூட்டர் படிச்சுட்டு அமெரிக்கா போயிட்டா செட்டில்னு நினைக்கறீங்க.

உங்க ப்ளானையே முதல்ல எடுத்துக்குவோம். வெளிநாட்டு வேலைய மார்க்கெட் மட்டும்தான் முடிவு பண்ணுதுன்னு பெரும்பாலான அப்பா அம்மா நம்பறாங்க, ஆனா அந்த நாட்டுல ஓட்டுப் போடறவங்களும் சேர்ந்துதான் முடிவு பண்றாங்க. அமெரிக்கா வேலைக்கு ஆள் எடுக்கற எச்-1பி விசால கம்பெனிகளுக்கு வருஷத்துக்கு 65,000, அங்கயே மாஸ்டர்ஸ் முடிச்சவங்களுக்கு தனியா 20,000, அதுக்கு மேல ஆள் வந்தா குலுக்கல்தான். 2025 செப்டம்பர்ல, வெளிநாட்டுல இருந்து புதுசா ஆள் எடுக்கற விண்ணப்பத்துக்கு 1 லட்சம் டாலர் கட்டணும்னு ஒரே ஒரு உத்தரவு வந்துச்சு. நல்லா கோடிங் பண்றவனா சுமாரா பண்றவனான்னெல்லாம் அது பாக்கல.

அங்க ஓட்டுப் போடறவங்களுக்கு வெளிநாட்டு ஆள் மேலயும் சரக்கு மேலயும் இந்தக் கோவம் எங்க இருந்து வந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, உங்க பொண்ணு படிக்க ஆசைப்படற சப்ஜெக்ட்டுக்குள்ள நீங்களே வந்துட்டீங்க. 2001 டிசம்பர்ல சீனா உலக வர்த்தக அமைப்புல சேர்ந்துச்சு. பர்னிச்சர், துணி, பொம்மை எல்லாம் விலை குறைஞ்சுது, வாங்கற எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் லாபம். நஷ்டம் மட்டும் அப்படிப் பரவலா விழல, அமெரிக்கால அதே பொருள செஞ்சுட்டிருந்த சில ஊர்கள் தலையில மொத்தமா விழுந்துச்சு. பாடப்புத்தகம் என்ன சொல்லுச்சுன்னா, வேலை போனவன் வேற ஊருக்குப் போவான், வேற தொழில் கத்துப்பான், கொஞ்ச வருஷத்துல எல்லாம் சரியாயிடும்னு. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன்னு மூணு எகனாமிஸ்ட்டுங்க அமெரிக்காவ பகுதி பகுதியா பிரிச்சுக் கணக்குப் போட்டுப் பாத்தாங்க. அந்தப் பகுதிகள்ல இருந்து ஜனங்க பெருசா கிளம்பவே இல்ல, பத்து வருஷம் கழிச்சும் கூலி ஏறல, உடம்பு முடியலன்னு அரசு உதவி வாங்கறவங்க கூடினாங்க, இளைஞர்களுக்கு கல்யாணம் ஆகறதுகூட குறைஞ்சுது. இதையொட்டி வந்த இன்னொரு ஆய்வு, 1999ல இருந்து 2011க்குள்ள சீன இறக்குமதியால போன வேலை 20 லட்சத்துல இருந்து 24 லட்சம் வரைக்கும் இருக்கும்னு சொல்லுச்சு.

நஷ்டப்பட்டவங்களுக்கு ஈடு குடுத்துடுவோம்னு சொல்லித்தான் வர்த்தக ஒப்பந்தமெல்லாம் பாஸ் ஆகும். அமெரிக்கால அதுக்குன்னு 1962லயே ஒரு திட்டம் போட்டாங்க, வேலை போனவங்களுக்கு ட்ரெய்னிங், கொஞ்சம் பணம்னு. 2022 ஜூலையில இருந்து அதுல புது ஆளே சேக்கறதில்ல, நாடாளுமன்றம் நீட்டிக்காம விட்டுட்டாங்க. அப்புறம் ஓட்டு வேற பக்கம் போனா ஏன் போச்சுன்னு ஆச்சரியப்படறாங்க! 2016ல பிரிட்டன்ல 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய யூனியன விட்டு வெளியேறணும்னு ஓட்டுப் போட்டாங்க, சீன இறக்குமதியால ரொம்ப அடிவாங்கின பகுதிகள்ல அந்த ஓட்டு அதிகமா இருந்துச்சுன்னு பின்னாடி ஆய்வு வந்துச்சு. அதனால கொடி பிடிக்கறவங்கள நான் அவ்வளவு லேசா எடுத்துக்க மாட்டேன். 1999ல அமெரிக்காவோட சியாட்டில்ல, உலக வர்த்தக அமைப்பு கூட்டத்த எதிர்த்து ரோட்ல நின்னவங்க கேட்ட கேள்வி பலதும் இன்னிக்கு பெரிய யுனிவர்சிட்டியில பாடம். ஹார்வர்டுல இருக்கற எகனாமிஸ்ட் தானி ராட்ரிக் 1997லயே இந்த அரசியல் ஆபத்தப் பத்தி எழுதிட்டாரு.

சரி, சம்பளம். இங்கதான் உங்க பொண்ணுக்கு நல்ல சேதி இருக்கு, ஏன்னா இந்த நஷ்டத்தையெல்லாம் பாத்து ஒவ்வொரு நாடும் விதி போடுது, அந்த விதியப் படிச்சுப் புரிஞ்சுக்கற ஆளு கம்பெனிகளுக்கு வேணும். 2013 ஏப்ரல் 24 வங்கதேசத்துல துணி பேக்டரிகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிஞ்சு 1,134 பேர் செத்தாங்க. முந்தின நாளே சுவர்ல விரிசல் தெரிஞ்சுது, கீழ இருந்த பேங்க்கையும் கடைகளையும் மூடிட்டாங்க, மேல தையல் ஆளுங்கள மட்டும் மறுநாள் உள்ள வரச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் பிராண்டுகளும் தொழிற்சங்கங்களும் சேர்ந்து சட்டப்படி கட்டுப்படற பாதுகாப்பு ஒப்பந்தம் போட்டாங்க, பேக்டரிய செக் பண்ண இன்ஜினியர், ரிப்போர்ட் எழுத ஆளு, தொழிலாளி புகார வாங்கி விசாரிக்க ஆளுன்னு தேவைப்பட்டுச்சு. ஜெர்மனியில, சரக்கு செஞ்சு தர்ற இடத்துல தொழிலாளி உரிமைய கம்பெனி கவனிக்கணும்னு 2023ல சப்ளை செயின் சட்டமே அமலுக்கு வந்துச்சு. இப்ப ஐரோப்பால இந்த மாதிரி விதிகள தளர்த்தற வேலையும் நடக்குது, அதனால இந்த ஒரு வேலைய மட்டும் நம்பிப் போகச் சொல்ல மாட்டேன்.

எனக்குப் பிடிச்சது கஸ்டம்ஸ் பக்கம். உலகத்துல நகர்ற ஒவ்வொரு சரக்குக்கும் எச்எஸ் கோடுன்னு 6 இலக்க எண் உண்டு, அதுக்கு மேல ஒவ்வொரு நாடும் தன் எண்ண சேத்துக்கும், எந்த எண்ணுல போடறோமோ அதப் பொறுத்துதான் வரி. அமெரிக்கால காமிக்ஸ் ஹீரோ பொம்மைகள் மேல கேஸே நடந்துச்சு. மனுஷ உருவ பொம்மைன்னா அப்ப வரி 12 சதவீதம், மத்த பொம்மைன்னா 6.8 சதவீதம். 2003ல கோர்ட்டு இந்த ஹீரோக்கள் மனுஷங்க இல்லன்னு தீர்ப்பு சொல்ல, கம்பெனிக்கு கம்மி வரி. சிரிப்பா இருக்கும், ஆனா இறக்குமதி வரி மாசத்துக்கு ஒருதரம் மாறற காலத்துல இந்தப் புத்திக்கு நல்ல மரியாதை இருக்கு.

ஒளிக்காம சொல்லிடறேன், வெறும் பி.ஏ. எகனாமிக்ஸோட நின்னா ஆரம்ப சம்பளம் ஐடிய விட கம்மியாத்தான் இருக்கும், கூட ஒரு ஸ்கில் வேணும். டேட்டா, இல்லன்னா சட்டம், இல்லன்னா ஒரு வெளிநாட்டு மொழி. மேல சொன்ன மூணு பேரும் நஷ்டத்த உலகத்துக்குக் காட்டினது கோஷத்தால இல்ல, ஸ்டாட்டிஸ்டிக்ஸால. பொண்ணுக்கு கணக்குன்னாலே அலர்ஜின்னா எகனாமிக்ஸ விட சட்டம் பெட்டர். வெளிநாட்டுல ஒரு வருஷ மாஸ்டர்ஸுக்குன்னு இப்பவே லோன் விசாரிக்க வேணாம், படிச்சுட்டு அங்கயே வேலை பாத்துக் கட்டிடலாம்ங்கற கணக்கு விசா விதி மாறின அன்னிக்கே ஒடஞ்சுடும், வட்டி மட்டும் நிக்காது.

இந்த வாரம் ஒரு வேலை பண்ணுங்க. உங்க லிஸ்ட்ல இருக்கற காலேஜ் சிலபஸ எல்லாம் எறக்கி எகனோமெட்ரிக்ஸ், அதாவது எகனாமிக்ஸுக்கான ஸ்டாட்டிஸ்டிக்ஸ், கட்டாயப் பேப்பரா விருப்பப் பேப்பரான்னு பாருங்க, பொண்ணையே பாக்கச் சொன்னா இன்னும் நல்லது. விருப்பப் பேப்பர்னு போட்டிருந்தா அந்தக் காலேஜ லிஸ்ட்ல கீழ தள்ளிட்டு மிச்சத்த எனக்கு அனுப்புங்க.