டாடி செத்தவர் அல்ல

கேள்வி: என் மகன் மஸ்கட்டில் வேலை பார்க்கிறான். வீடியோ காலில் பேரன் 'டாடி, டாடி' என்று கூப்பிடும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. மம்மி என்றால் பாடம் பண்ணிய பிணம், டாடி என்றால் டெட், அதாவது செத்தவன் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. அதே குழுவில் இன்னொருவர், 'டாட் என்பதே தகப்பனைக் குறிக்கும் நம் தாதையிலிருந்து வெள்ளைக்காரன் எடுத்ததுதான்' என்கிறார். எது சரி? பையனை எப்படித் திருத்துவது?
(ஒரு வாசகர், குழித்துறை)

பதில்: இரண்டும் தப்பு. வெள்ளைக்காரன் நம்மிடம் திருடியதும் அதுதான், நம்மைக் கேவலப்படுத்துவதும் அதுதான் என்றால், உங்கள் குழுவில் முதலில் அவர்கள் இருவரும் பேசித் தீர்த்துக்கொள்ளட்டும்.

பட்டிமன்றங்களில் கைதட்டு வாங்கியே பழுத்துப்போன சரக்கு இந்தப் பிணக் கதை. 'டெட்' பழைய ஆங்கிலத்திலிருந்து வரும் தனிச்சொல். டாடிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எகிப்துப் பிணத்தைக் குறிக்கும் மம்மி, பாரசீகத்தில் மெழுகைக் குறிக்கும் 'மூம்' என்ற சொல்லில் தொடங்கி, அரபி, லத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. தாயைக் கூப்பிடும் மம்மி குழந்தை வாயில் பிறந்தது. ஒலி ஒன்றாக அமைந்துவிட்டது, அவ்வளவுதான். நாம் படிக்கும் படியும் ஏறும் படியும் ஒன்றா?

டாட் என்ற சொல் 16-ஆம் நூற்றாண்டிலேயே ஆங்கில எழுத்தில் இருக்கிறது. ஷேக்ஸ்பியரின் 'ஜான் மன்னன்' நாடகத்தில் முறை தவறிப் பிறந்த ஒருவன், தன் தம்பியின் தகப்பனை டாட் என்று கூப்பிட்டதைக் கிண்டலாகச் சொல்கிறான். 1755-இல் அகராதி வெளியிட்ட சாமுவேல் ஜான்சன் இந்தச் சொல்லுக்கு வந்ததும், இது பிள்ளைகள் தகப்பனைச் சொல்லும் முறை என்று எழுதிவிட்டு, வேல்ஸ் மொழியில் தாட், லத்தீனில் தாத்தா, கிரேக்கத்திலும் காதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியிலும் அத்தா என்று அடுக்கி, எங்கே போனாலும் இதே ஒலிகள்தானே என்று வியந்தார். வியப்புக்குக் காரணம் பிள்ளையின் வாய். ஆறேழு மாதத்தில் உதடு சேர்ந்தால் பபபா, மமமா; நாக்கு நுனி பல்லருகே பட்டால் ததத்தா. அது யாரையும் கூப்பிடவில்லை. பக்கத்தில் இருக்கும் பெரியவர்கள்தான் 'என்னைத்தான் கூப்பிடுகிறது' என்று பெயரை எடுத்துக்கொள்கிறார்கள். யார் எதை எடுப்பது என்பது ஊருக்கு ஊர் மாறும். துளுவில் 'அப்பே' தாய், 'அம்மே' தகப்பன்! பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன பப்பா அங்கே தகப்பன். நம் வீட்டில் பாப்பா தொட்டிலில் கிடக்கிறது.

ஆகவே டாட், தாத்தா, தாதை மூன்றும் ஒன்றுபோல ஒலிப்பதை வைத்து யாருக்கும் பட்டா எழுதிக் கொடுக்க முடியாது. அதிலும் தாதை, வடமொழி 'தாத' வழி வந்தது என்றே தமிழ்ப் பேரகராதி காட்டுகிறது. பெருமைப்பட வேண்டுமானால் எந்தை, நுந்தை, தந்தை என்ற மூன்றையும் பாருங்கள். என் தகப்பன், உன் தகப்பன், அவன் தகப்பன் என்று யாருடையவர் என்பதையும் சொல்லுக்குள்ளேயே வைத்திருந்தார்கள். நுந்தையின் முதலெழுத்தில் உகரம் குறுகி ஒலிப்பதைத் தொல்காப்பியர் தனியாகவே எடுத்துச் சொல்கிறார். இதை ஏன் யாரும் ஃபார்வர்டு செய்வதில்லை?

டாடிக்கு வேறு பொருள்களும் உண்டு. ஒரு துறையில் எல்லாருக்கும் மூத்தது என்று பொருள்படும். நீண்ட காலுடைய ஒரு பூச்சிக்கும் பெயராகும். சின்ன வயதுப் பெண்ணுக்குப் பணத்தைக் கொட்டும் கிழவருக்கும் முன்னால் 'சுகர்' சேர்த்து வழங்கும். கடைசியானதை உங்கள் குழுவுக்குச் சொல்ல வேண்டாம், அடுத்த வாரமே அதற்கும் ஒரு ஃபார்வர்டு வரும்.

கேரள எல்லையை ஒட்டிய குழித்துறையில் இருந்துகொண்டு தகப்பனுக்கு ஒரே சொல்தான் வேண்டும் என்று நீங்கள் கேட்பதுதான் எனக்கு விளங்கவில்லை. உங்கள் தெருவிலேயே அச்சன் என்று கூப்பிடும் வீடு இருக்கும். மலங்கரைக் கிறிஸ்தவக் கோயிலில் பூசை வைக்கும் பாதிரியாரும் அச்சன்தான். அய்யா வைகுண்டரின் சாமித்தோப்புப் பக்கம் போனால் அய்யா என்றதும் கை தானாகக் கும்பிடும். உங்களைப் பேரன் 'பாட்டா' என்று கூப்பிடுகிறானா? சென்னைக்காரர் கேட்டால் செருப்புக் கடை என்பார். அதனால் நீங்கள் செருப்பாகிவிடவில்லையே.

பையன் 'அப்பா' என்று கூப்பிட வேண்டும் என்ற ஆசை நியாயமானது. அது நம் சொல், வீட்டில் புழங்கட்டும் என்பதே போதுமான காரணம். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியவர் மஸ்கட்டில் போனைப் பிடித்துக்கொண்டு 'டாடிக்கு ஒரு உம்மா குடு' என்கிறாரே, உங்கள் மகன், அவர்தான். அடுத்த அழைப்பில் பேரனை விட்டுவிட்டு அவரிடம் பேசுங்கள். 'டாடி என்றால் செத்தவன்' என்று மட்டும் அந்தச் சின்னப் பையனிடம் சொல்லிவிடாதீர்கள். ராத்திரி தூங்க மாட்டான்.