விசிறி இரைந்தால் கவனியுங்கள்

கேள்வி: என் லேப்டாப்புக்கு நான்கு வயது. இப்போதெல்லாம் வீடியோ அழைப்பு தொடங்கிய பத்தாவது நிமிடம் விசிறி இரைகிறது, கீபோர்டின் மேல்பகுதி கொதிக்கிறது, பிறகு தானாகவே அணைந்துவிடுகிறது. வைரஸ் என்று சொல்லி இரண்டு முறை ஃபார்மட் செய்தாகிவிட்டது. புதியதுதான் வாங்க வேண்டுமா?
*– ஒரு கல்லூரி மாணவி*

பதில்: அவசரப்படாதீர்கள் அம்மா. இருபது ஆண்டுகளாக இந்த வேலையில் இருக்கிறேன். ஃபார்மட் செய்தும் சூடு குறையாமல் என் மேசைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவற்றுக்கு மூச்சுதான் அடைத்திருந்தது.

பல லேப்டாப்களில், கணக்கிடும் வேலையைச் செய்யும் முதன்மைச் சில்லான பிராசசரின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அப்படியும் அடங்காவிட்டால் உயிர் பிழைக்க அணைந்துவிடும். உங்களுடையது அதைத்தான் செய்கிறது.

பிராசசரின் மேல் ஒரு செம்புத் தகடு, அதிலிருந்து ஒரு செம்புக் குழாய், குழாயின் முனையில் சீப்புப் பற்களைப் போல நெருக்கமான மெல்லிய தகடுகள். விசிறி அவற்றின் ஊடே காற்றை ஊதி வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. அந்தத் தகடுகளின் வாயில்தான் தூசி கம்பளித் துண்டைப் போலப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. இடுக்கியால் பிடித்து இழுத்தால் ஒரே துண்டாக உரிந்து வரும் அளவுக்குக் கண்டிருக்கிறேன். உங்கள் லேப்டாப்பின் விசிறி இரையும்போது, காற்று வெளியேறும் துளையருகே கையை வைத்துப் பாருங்கள். சத்தம் பெரிதாக இருந்தும் காற்று மெலிதாக வந்தால் அங்கே அடைப்பு இருக்கிறது.

சுத்தம் செய்ய, முற்றிலும் அணைத்து, சார்ஜரைக் கழற்றிவிட்டு, அழுத்தக் காற்றுக் குப்பியை நிமிர்த்திப் பிடித்துச் சிறிது சிறிதாக ஊதுங்கள். அப்போது விசிறி சுழலக் கூடாது. ஒரு பல்குச்சியால் அதைத் தடுத்துப் பிடியுங்கள். தொழிலுக்கு வந்த புதிதில் இது எனக்குத் தெரியாது. ஊதிய வேகத்தில் விசிறி விசிலடித்துச் சுழன்றது. ஒரே வாரத்தில் அதன் பேரிங் கரகரக்க, உரிமையாளர் திரும்பி வந்தார். புது விசிறியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். வீட்டுத் தூசி உறிஞ்சியையும் உள்ளே கொண்டுபோக வேண்டாம்; அதில் உண்டாகும் நிலைமின்சாரம் சில்லுகளைக் கெடுத்துவிடலாம்.

இதற்குப் பிறகும் சூடு குறையாவிட்டால், பிராசசருக்கும் செம்புத் தகட்டுக்கும் நடுவிலுள்ள, வெப்பத்தைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கக்கூடும். அதை மாற்றக் கைப்பழக்கம் உள்ளவரிடம் கொடுங்கள்.

மெத்தையின் மேலோ தலையணையின் மேலோ வைத்து வேலை செய்கிறீர்களா? பல லேப்டாப்கள் அடிப்பக்கத் துளைகள் வழியாகத்தான் காற்றை இழுக்கின்றன. மெத்தை அந்தத் துளைகளை மூடிவிடும். கடினமான பரப்பில் வைத்து, பின்பக்கத்தை ஒரு விரல் உயரத்துக்குத் தூக்கிவிடுங்கள். தூக்க நிலையில் பைக்குள் போடும் பழக்கத்தையும் விடுங்கள். அது உள்ளேயே விழித்துக்கொண்டு வெந்துபோன கதைகள் உண்டு.

கேள்வி: டச்பேட் சற்று மேலெழும்பி இருக்கிறது, அழுத்தினால் அழுந்துவதில்லை. மூடியும் சரியாகப் பொருந்தவில்லை. திருகாணி தளர்ந்திருக்குமா?

பதில்: இதைப் படித்ததும் சார்ஜரைக் கழற்றிவிட்டு லேப்டாப்பை அணைத்துவிடுங்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகள் பேட்டரி உப்பியதற்கானவை. அழுத்தி உள்ளே தள்ள வேண்டாம், குத்த வேண்டாம், 'இன்று ஒருநாள் மட்டும்' என்று சார்ஜ் போடவும் வேண்டாம். லித்தியம் பேட்டரி தீப்பிடித்தால் அணைப்பது மிகக் கடினம். பழுது பார்ப்பவரிடம் கொடுத்து மாற்றுங்கள். பழையதைக் குப்பைத் தொட்டியில் போடாமல் மின்கழிவு சேகரிப்பவரிடம் சேருங்கள். புதிய பேட்டரி போட்ட பின், எந்நேரமும் சார்ஜரிலேயே வைத்திருப்பவர் என்றால், 80 சதவீதத்தில் சார்ஜை நிறுத்தும் அமைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். முழுச் சார்ஜும் சூடும் சேர்ந்தால் பேட்டரி சீக்கிரம் முதுமையடையும்.

கேள்வி: பழைய மேசைக் கணினி. ஒவ்வொரு நாளும் தேதி பல ஆண்டுகள் பின்னால் போய்விடுகிறது. எந்த இணையதளத்தைத் திறந்தாலும் 'பாதுகாப்பற்றது' என்கிறது.

பதில்: கணினிக்குள் இருக்கும் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032, 3 வோல்ட். அது தீர்ந்துவிட்டது. மாற்றிவிட்டுத் தேதியைச் சரிசெய்யுங்கள். இணையதளங்கள் தம்மை அடையாளம் காட்டும் சான்றிதழ்களுக்குக் காலவரம்பு உண்டு; தேதி தவறினால் அவை செல்லாதவை போலத் தோன்றும். அதனால்தான் எச்சரிக்கை வருகிறது.

கேள்வி: ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம். கோப்புகள் மெதுவாகத் திறக்கின்றன. ஸ்கேன் செய்து பார்க்கலாமா?

பதில்: கூடாது. ஸ்கேன் செய்தால் நலிந்த டிஸ்க்கை மணிக்கணக்கில் ஓடவிடுகிறீர்கள். அது இன்னும் படிக்கிற இந்த நேரத்தில், வேறெங்கும் கிடைக்காதவற்றை முதலில் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள்: குழந்தைகளின் படங்கள், நீங்களே எழுதியவை, கணக்குகள். திரைப்படங்களும் மென்பொருள்களும் பிறகு. நடுவில் டிஸ்க் திறக்கவே மறுத்தால், மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்க்காமல் அணைத்துவிட்டு, தரவு மீட்பவரிடம் அப்படியே கொண்டுபோங்கள்.