கடிதம்: ஜோட்டாவுக்காக அழும் மகன்

ஐயா,

லிவர்பூல் காற்பந்து ஆட்டக்காரர் டியோகோ ஜோட்டா 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் கார் விபத்தில் தம்பியோடு இறந்தார். வயது 28, கல்யாணமாகி 11 நாள்தான். என் 16 வயது மகன் இன்னும் எரிந்துபோன அந்தக் காரின் படத்தையே எடுத்துப் பார்க்கிறான். நேரில் பார்த்திராத ஒருவருக்காக இப்படி அழலாமா? புகழோடு கண்ணேறும் வந்துவிடுமோ? அவனைக் காற்பந்துக்கு அனுப்பவே பயமாக இருக்கிறது.

ம., ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள ம.,

அழட்டும், விடுங்கள். நள்ளிரவில் கண்விழித்து நாலைந்து வருடம் ஒருவரைப் பார்த்திருக்கிறான், அது உறவில்லையா? கண்ணேறு பற்றி எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பதில் கிடையாது, கோபம்தான் வருகிறது. பயம் நியாயம்தான். ஆனால் 2021இல் யூரோ காற்பந்துப் போட்டியில் இதயம் நின்று விழுந்த டென்மார்க் ஆட்டக்காரர் எரிக்சனை மைதானத்திலேயே நெஞ்சை அழுத்தி, மின்னதிர்வு கொடுத்து மீட்டார்கள். எட்டு மாதம் கழித்துத் திரும்ப ஆட வந்தார். உங்கள் புளோக் கீழே அந்த மின்னதிர்வு கொடுக்கும் ஏஇடி பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, தெரியுமா? பையனைப் பூட்டிவைக்காமல் முதலில் அதைப் போய்ப் பாருங்கள்.

என்னை உறுத்தியது அந்த எரிந்த கார். இளம் வயதில் போன ஆட்டக்காரர்களுக்கு நாம் எல்லாரும் செய்யும் கொடுமை அது. கேமரூன் காற்பந்து ஆட்டக்காரர் ஃபோயே என்றால் 2003இல் லியோன் மைதானத்தில் விழுந்து கிடந்த உருவம். அதற்கு இரண்டு மாதம் முன்னால், மான்செஸ்டர் சிட்டி தன் பழைய மெயின் ரோடு மைதானத்தில் அடித்த கடைசி கோல் அவர் அடித்தது, யாருக்கு ஞாபகம்? ஆஸ்திரேலியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் ஃபிலிப் ஹியூஸ் என்றால் 2014, சிட்னி, கழுத்தில் பட்ட பவுன்சர். அந்தப் பையன் 20 வயதில் டர்பன் டெஸ்டில் இரண்டு இன்னிங்சிலும் சதம் போட்டான், முதல் சதத்தைத் தொட்டதே அடுத்தடுத்து இரண்டு சிக்சர் தூக்கி! விழுந்த ஒரு நொடியை வைத்துக்கொண்டு ஆடிய வருடங்களைத் தூக்கிப் போட்டுவிடுகிறோம்.

இதில் நானும் யோக்கியன் இல்லை. 1983இல் ஃபேரர் பார்க் திடலில் எங்களோடு ஓடிய நண்பன், 400 மீட்டர்க்காரன், பயிற்சியின்போது சுருண்டு விழுந்து அன்றே போய்விட்டான். 19 வயது. வருடா வருடம் நாங்கள் நாலு பேர் தேக்காவில் கூடுவோம். யார் தண்ணீர் கொண்டு ஓடியது, யார் டாக்சியை மறித்தது, 40 வருடமாக அதே பேச்சு. போன தடவை அவன் தங்கை வந்திருந்தாள். அவன் போனபோது அவளுக்கு 4 வயது. எல்லாம் கேட்டுவிட்டு, “சரி, அண்ணன் எப்படி ஓடுவார்?” என்றாள்.

தே ஆறிப்போனது. ஒருத்தனுக்கும் வாய் வரவில்லை.

திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில்தான் ஒவ்வொன்றாக வந்தது. இரவல் ஸ்பைக்ஸ், அரை சைஸ் பெரிசு, முனையில் பழைய பேப்பரைத் திணித்திருப்பான். வளைவில் இடது தோள் தாழும். கடைசி 50 மீட்டரில் சிரிக்கிறானா, மூச்சுக்குத் திணறுகிறானா என்றே தெரியாது. அன்று இரவே அவளுக்கு வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினேன், 9 நிமிடம்.

நீங்கள் மகனோடு உட்கார்ந்து 2025 ஏப்ரல் 2, எவர்ட்டன் ஆட்டத்தைப் போடச் சொல்லுங்கள். ஜோட்டா அடித்த அந்த ஒரே கோல். சக ஆட்டக்காரர் டியாஸ் அதில் ஆஃப்சைடா இல்லையா என்று அவனே உங்களோடு சண்டைக்கு வருவான்.