இரும்புச் சட்டத்தில் மர ரீப்பர் பொருத்துவது: கேள்வி பதில்

மொட்டை மாடியில் இரும்புச் சட்டத்தின் மேல் மரத்தளம் போட்டவர்கள், அதன் ஓரத்தில் ரீப்பரால் (நீளமான ஒடுக்க மரச்சட்டத்தால்) மறைப்பு கட்டுவது பற்றி நிறையக் கேட்டிருக்கிறீர்கள். நான் வெல்டிங் பட்டறைக்காரன். தச்சு தெரிந்தவர்கள் பிழை கண்டால் திருத்துங்கள்.

கேள்வி: மரத்தின் மேலிருந்தே செல்ஃப் டிரில்லிங் ஸ்க்ரூவை (தன் முனையாலேயே இரும்பைத் துளைப்பது) இறக்கினேன். ரீப்பர் இரும்போடு ஒட்டாமல் எழும்பி நிற்கிறது. இரண்டு ஸ்க்ரூ முறிந்தும் போயின. ஏன் ஐயா?

ஸ்க்ரூவின் புரி மரத்தைக் கடித்துவிட்டால் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னேறியே தீரும். முனையோ இரும்பை மெதுவாகத்தான் துளைக்கும். இந்த இழுபறியில் ரீப்பர் மேலே ஏறுகிறது, தாங்காத ஸ்க்ரூ முறிகிறது. மரத்தில் மட்டும் ஸ்க்ரூவைவிட 1 மி.மீ. பெரிய துளையை முதலில் போட்டுவிடுங்கள். முனைக்கு மேல் இரண்டு சிறகு உள்ள ஸ்க்ரூவும் கிடைக்கிறது. சிறகு மரத்தை அகலமாகக் குடைந்துவிட்டு இரும்பில் பட்டதும் ஒடிந்துவிடும். டிரில்லை வேகமாக ஓட்டாதீர்கள், முனை சூடேறி மழுங்கிவிடும்.

கேள்வி: என் சட்டம் 1.2 மி.மீ. கனமுள்ள சதுரக் குழாய். பிடிக்குமா?

அன்றைக்குப் பிடிக்கும். அவ்வளவு மெல்லிய தகட்டில் ஓரிரு புரிதான் கடிக்கும். காற்றில் ஆடி ஆடித் துளை பெருத்துவிடும்.

நான் செய்வது வேறு. 25 மி.மீ. அகலம், 5 மி.மீ. கனமுள்ள இரும்புப் பட்டையைக் கம்பங்களுக்கு இடையே கிடையாக வெல்டு வைத்து, நீள்துளைகள் போட்டுக்கொள்வேன். ரீப்பர் பட்டைக்கு வெளிப்பக்கம் நிற்கும். ஸ்க்ரூ உள்ளிருந்து பட்டை வழியாக மரத்துக்குள் போகும். தெருப்பக்கம் ஒரு ஸ்க்ரூ தலைகூடத் தெரியாது. மாடிக்கு வெளியே தொங்கி வேலை செய்யவும் வேண்டாம். ஒரு ரீப்பர் உளுத்தால் அதை மட்டும் கழற்றலாம். பொருத்தும்வரை ரீப்பரைக் கயிற்றில் கட்டி வைத்திருங்கள். ஒருமுறை கைநழுவிக் கீழ்வீட்டுத் தண்ணீர்த் தொட்டி உடைந்தது, காசு என்னுடையது. குழந்தைகள் உள்ள வீடானால் நடுவில் பட்டை வேண்டாம், ஏணியாக்கிவிடுவார்கள். மேலும் கீழும் போதும். ரீப்பரைச் சற்றுக் கனமாக எடுங்கள்.

கேள்வி: தேக்கு ரீப்பரில் ஸ்க்ரூவைச் சுற்றிக் கருப்பாகக் கறை வழிகிறது. மரம் அழுகுகிறதா?

இல்லை. கடுக்காயோடு அன்னபேதி என்ற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சுவார்களே, அதேதான் உங்கள் ரீப்பரில் நடக்கிறது. மரத்தின் துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருப்பு. ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவிக் கழுவினால் போகும், கையுறை கட்டாயம். ஆனால் ஸ்க்ரூவை மாற்றாவிட்டால் அடுத்த மழைக்கே திரும்பிவிடும். துருப்பிடிக்காத எஃகில் 304 என்ற ரகம் கடலை விட்டுத் தள்ளியிருக்கும் ஊர்களுக்குப் போதும். கடலோரத்தில் 316 வாங்குங்கள். அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருப்பதால் உப்பைத் தாங்கும். துளையிட்ட இரும்புத் துகளை அன்றே துடைத்துவிடுங்கள். அதுவும் கறையாகும்.

கேள்வி: மரத்துக்கும் இரும்புக்கும் நடுவே ரப்பர் வாஷர் வேண்டுமா அண்ணா?

வேண்டும். 3 மி.மீ. இடைவெளி இருந்தால் காற்று புகுந்து காயும். ஒட்டிக் கிடந்தால் மரமும் கெடும், பெயின்டும் கெடும்.

கேள்வி: 6 மீட்டர் சட்டம். வெயிலில் இரும்பு நீண்டு மரத்தைப் பிளக்காதா?

30 டிகிரி சூடு ஏறினால் 6 மீட்டருக்கு ஏறக்குறைய 2 மி.மீ. நீளும். செங்குத்து ரீப்பர்கள் தனித்தனியாக நிற்பதால் ஒன்றும் ஆகாது. மரம் அசைவது சூட்டால் அல்ல, ஈரத்தால், அதுவும் அகலத்தில். இரண்டு அங்குல ரீப்பரில் அது அரை மி.மீ. அளவுதான். நீள்துளை அதைச் சமாளித்துக்கொள்ளும்.

கேள்வி: தாத்தாவின் ஓட்டுவீட்டைப் பிரித்தபோது எடுத்து வைத்த பனை ரீப்பர் இருக்கிறது. பயன்படுமா?

தாராளமாக! கருநார் நெருங்கிய வைரப் பகுதியாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளிறிய உட்பகுதி மழைக்கு நிற்காது. முன்துளை இல்லாமல் ஸ்க்ரூ போட்டால் நார் வழியே நெடுகப் பிளந்துவிடும். பழைய ஆணியைப் பிடுங்காமல் இழைப்பாளரிடம் கொடுத்தால் நல்ல வசவு கிடைக்கும்.

கேள்வி: வார்னிஷா, எண்ணெயா?

வெயிலில் வார்னிஷ் உரியும். பிறகு சுரண்டியெடுப்பதே பெரும்பாடு. எண்ணெய் என்றால் ஆண்டுக்கொரு முறை துணியால் தடவினால் போதும். பொருத்துவதற்கு முன்பே நான்கு பக்கமும், வெட்டு முனைகளில் இரண்டு முறையும் தடவுங்கள். கீழ்முனையைச் சரிவாக வெட்டி, தளத்திலிருந்து இரண்டு விரற்கடை உயர்த்தி நிறுத்துங்கள்.