சிலேட்டைத் துடைக்க மறந்த புரோகிராம்: ஓர் அப்பாவுக்குப் பதில்

கடலூர் முதுநகரில் மளிகைக் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு,

புதுச்சேரியில் மூன்றாம் ஆண்டு கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் மகள், ஆப்டிடியூட் புத்தகத்தைத் தொடாமல் மூன்று வாரமாக ஒரே பிழையோடு மல்லுக்கட்டுகிறாள் என்று வருந்தியிருந்தீர்கள். அவளிடம் பேசினேன். அந்த மூன்று வாரம் வீண் போகவில்லை.

கோடில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று வரலாறு வைத்திருக்கும் மென்பொருள் கிட் (Git). லினக்ஸ் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் தொடங்கியது. அதில் சேமித்து வைத்த ஒவ்வொரு மாற்றமும் ஒரு கமிட். பழைய கமிட்களைத் தேடும்போது, பார்த்து முடித்த ஒவ்வொன்றின் மேலும் நினைவகத்தில் 'பார்த்தாச்சு' என்று குறி போடும். கட்டளை முடிந்தால் புரோகிராமே முடிந்துவிடும், குறிகளும் போய்விடும். கடை சாத்தும்போது அப்பா சிலேட்டைத் துடைப்பது போல என்று அவளே சொன்னாள்.

அவள், சி மொழியில் எழுதப்பட்ட கிட்டின் புரோகிராமை எடுத்து, ஒரே புரோகிராமுக்குள் இரண்டு முறை தேட வைத்திருக்கிறாள். கடையே சாத்தவில்லை, சிலேட்டை யார் துடைப்பது? இரண்டாவது தேடல் பழைய குறிகளைப் பார்த்து, பல கமிட்களைத் தாண்டிப் போய்விட்டது. தனக்கு மூளை போதாது என்று அழுதிருக்கிறாள், பாவம். பல வருடம் வேலை பார்த்தவர்களும் இந்த இடத்தில் தடுக்கி விழுகிறார்கள்.

எதை அழிப்பது என்பதுதான் கஷ்டமான பகுதி. எல்லாக் குறிகளையும் அழித்தால், பாதியில் நிற்கும் வேறொரு தேடலின் குறியும் போய்விடும். டிஸ்கிலிருந்து படித்து வைத்ததையும் சேர்த்துக் கொட்டினால், எல்லாவற்றையும் திரும்பப் படிக்க வேண்டும், வேகம் குறையும். தன் தேடல் போட்ட குறியை மட்டும் அழிக்க வேண்டும். இதை அவள் தானாகக் கண்டுபிடித்திருக்கிறாள். நாள் முழுக்க ஓடும் சர்வர் கம்ப்யூட்டர்களிலும் இதே பிரச்சினைதான். முந்தைய வாடிக்கையாளரின் மிச்சம் அடுத்தவருக்குத் தெரிந்துவிடக் கூடாது.

சரி, என்ன செய்யலாம்? ஒரே தேடலை இரண்டு முறை ஓட்டி விடைகளை ஒப்பிடும் டெஸ்ட் ஒன்றை அவள் எழுதட்டும். எதை அழித்தாள், எதை விட்டாள், ஏன் என்று அரைப் பக்கம் எழுதி ரெஸ்யூமேயில் சேர்க்கட்டும். புதியவர்கள் திறந்த மூல மென்பொருளில் வேலை பழகக் கூகுள் நடத்தும் 'சம்மர் ஆஃப் கோட்' திட்டத்தில் கிட் பல ஆண்டுகள் பங்கேற்றிருக்கிறது; விண்ணப்பிப்பவர்களிடம் முதலில் ஒரு சிறு திருத்தம் கேட்பார்கள். அதற்கு இப்போதே தயாராகலாம்.

ஆப்டிடியூடையும் விட வேண்டாம், கல்லூரிக்கே வந்து ஆள் எடுக்கும் கேம்பஸ் தேர்வில் முதல் சுற்றே அதுதான். காலையில் ஒரு மணி நேரம் போதும். இந்த வாரம் அவள் வீட்டுக்கு வரும்போது, அந்தப் பிழையைப் பற்றிக் கடையில் உட்கார வைத்துக் கேளுங்கள். உங்களுக்குப் புரிகிற மாதிரி சொல்லிவிட்டால் இன்டர்வியூவிலும் சொல்லிவிடுவாள்.