மிருகம் தினமும் கேட்ட கேள்வி: 'அழகியும் மிருகமும்' கதையை இன்றைய காதல் நாவலாக எழுதுபவர்களுக்கு

தேவதைக் கதைகளை இன்றைய காதல் நாவலாக எழுதுவது பற்றி வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் 'அழகியும் மிருகமும்' பற்றியே இருந்தன. அதனால் இந்த முறை அந்த ஒரு கதை மட்டும். எனக்கு மிகவும் பிடித்த கதை, சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: அக்கா, நான் படம் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். மூலக்கதை எது, எங்கிருந்து தொடங்குவது?

அச்சில் வந்த முதல் வடிவம் 1740-இல் காப்ரியேல்-சுசான் த வில்நெவ் பிரெஞ்சில் எழுதியது. அதுவே ஒரு நாவல் நீளம். 1756-இல் ழான்-மரி லெப்ரின்ஸ் த பொமோன் அதை நன்றாகச் சுருக்கி, சிறுமிகளுக்கான தன் பாடப் புத்தகத்தில் சேர்த்தார். அவர் லண்டனில் பெரிய வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவர். கப்பல்கள் போய் நொடித்துப்போன வியாபாரி, மகள் ஆசைப்பட்டுக் கேட்ட ஒரு ரோஜா, அதைப் பறித்ததற்குக் கோபப்படும் மிருகம், அப்பாவுக்குப் பதிலாகத் தானே கிளம்பிப் போகும் பெல் என்று நமக்குத் தெரிந்த கதை பெரும்பாலும் பொமோன் சொன்னதுதான். அதை ஒரே மூச்சில் வாசித்துவிடலாம். வில்நெவ் அப்புறம்.

கேள்வி: அடைத்து வைத்தவனையே ஒருத்தி காதலிக்கும் கதை. இதை இன்றைக்கும் ஏன் எழுத வேண்டும்?

நியாயமான கேள்வி. பெல் முழுச் சுதந்திரத்தோடு அங்கே போகவில்லை, அப்பாவின் உயிர் பணயத்தில் இருக்கிறது. அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவள் மாளிகைக்குள் போனபிறகு நடப்பதைப் பாருங்கள். அப்பா கிளம்பிப் போன அன்று இரவுச் சாப்பாட்டின்போது மிருகம் வந்து, நீங்கள் சாப்பிடுவதைப் பார்க்கலாமா என்று அனுமதி கேட்கிறது. இந்த வீட்டுக்கு நீங்கள்தான் எஜமானி, நான் இருப்பது தொந்தரவு என்றால் சொல்லுங்கள், போய்விடுகிறேன் என்கிறது. நான் அசிங்கமாக இருக்கிறேனா என்றும் கேட்கிறது. ஆமாம், எனக்குப் பொய் சொல்லத் தெரியாது, ஆனால் நீ நல்லவன் என்று நினைக்கிறேன் என்கிறாள் பெல்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி: என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா? பெல் பயந்து நடுங்கி, மாட்டேன் என்கிறாள். மிருகம் பெருமூச்சு விட முயல்கிறது, அது மாளிகையே அதிரும்படி ஒரு பயங்கரச் சீறலாக வெளிவருகிறது. அப்புறம் வருத்தமாக விடைபெற்று, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போய்விடுகிறது. அவ்வளவுதான். கதவு உடைபடவில்லை, சாப்பாடு நிறுத்தப்படவில்லை. மறுநாள் ஒன்பது மணிக்குத் திரும்ப வருகிறது, பேசுகிறது, கேட்கிறது, மறுபடியும் மாட்டேன் என்ற பதில். மூன்று மாதம் இப்படியே போகிறது.

வில்நெவ் எழுதியதில் கேள்வி இன்னும் நேரடியானது: இன்றிரவு உன்னோடு உறங்கலாமா? அங்கேயும் அவள் வேண்டாம் என்றதும் இரவு வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுகிறது. முகம்கூடப் பார்க்காத ஆணுக்குப் பெண்ணைப் பேசி முடித்துக் கொடுத்த காலத்தில் இதை இரண்டு பெண்கள் எழுதினார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகும் பாதுகாப்பாக இருக்கலாம் என்பதை அவள் தினமும் பார்க்கிறாள். சம்மதம் அதிலிருந்துதான் வருகிறது. கதையின் உயிர் இந்த இடம்தான் என்பது என் உறுதியான எண்ணம்.

கேள்வி: என் நாவலில் நாயகன் கோபக்காரத் தொழிலதிபர். முதல் அத்தியாயத்திலேயே நாயகிக்குக் கட்டாயத் தாலி கட்டுகிறான், இருபதாவது அத்தியாயத்தில் மாறுகிறான். இதை 'அழகியும் மிருகமும்' மறுகதை என்று சொல்லலாமா?

சொல்ல வேண்டாம், தம்பி. மூலத்தில் மிருகம் தினமும் கேட்டுவிட்டுக் காத்திருக்கிறது. உங்கள் நாயகன் கேட்கவே இல்லை. ரோஜாவும் மாளிகையும் இருந்தால் மட்டும் மறுகதை ஆகிவிடாது. ஒரு மாற்றம் செய்து பாருங்கள். தாலியை எடுத்துவிட்டு, அவள் அந்த வீட்டுக்கு வர வேறு காரணம் கொடுங்கள்: வேலை, கடன், ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு. அவள் கையில் சம்பளமும் போனும் ஊருக்குத் திரும்பப் பஸ் காசும் இருக்கட்டும். இவ்வளவும் இருந்தும் அவள் ஏன் மறுநாளும் அங்கே இருக்கிறாள் என்று எழுதுங்கள். எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆனால் நாவல் அங்கேதான் தொடங்குகிறது.

கேள்வி: மிருகம் என்ன தப்பு செய்து சாபம் வாங்கியது?

வாசலுக்கு வந்த கிழவியை இளவரசன் அவமதித்தான் என்பது 1991-இல் வந்த டிஸ்னி படத்தின் காரணம். வில்நெவ் எழுதியது வேறு. இளவரசனின் தாய் ஒரு ராணி, போருக்குப் போனபோது மகனை ஒரு தேவதையிடம் ஒப்படைத்துவிட்டுப் போகிறாள். அவன் வளர்ந்ததும் அந்த வயதான தேவதையே அவனைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறாள். மறுத்ததற்குத்தான் சாபம். அதாவது அவன் குற்றவாளியே இல்லை, வேண்டாம் என்று சொன்னதற்குத் தண்டனை வாங்கியவன். அப்படிப்பட்டவன்தான் பெல் வேண்டாம் என்று சொல்வதை ஒவ்வொரு இரவும் மதிக்கிறான். இதை முதலில் வாசித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. நாயகனைத் திமிர் பிடித்தவனாகவே காட்ட வேண்டும் என்ற கட்டாயம் எழுதுபவர்களுக்கு இல்லை.

கேள்வி: இன்றைய கதையில் சாபத்துக்குப் பதில் என்ன வைப்பது? முகத்தில் தீக்காயம் வைத்திருக்கிறேன்.

தீக்காயத்தைச் சாபமாக்காதீர்கள். அப்படிக் காயம் உள்ள ஒருவர் உங்கள் வாசகராகவும் இருப்பார். கடைசியில் அறுவை சிகிச்சையில் முகம் சரியாகி இளவரசன் ஆனான் என்று முடித்தால் அவருக்கு எப்படி இருக்கும்?

பொமோன் கதையில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. தேவதை மிருகத்துக்கு உருவத்தை மட்டும் தரவில்லை, தன் அறிவை வெளிக்காட்டவும் தடை போட்டாள். உள்ளே எல்லாம் இருக்கும், வெளியே காட்ட வராது. இன்றைய நாவலுக்கு இதைவிட நல்ல சாபம் வேண்டுமா? தனக்குள் இருப்பதைச் சொல்லத் தெரியாத ஆணை நம் எல்லார் வீட்டிலும் பார்க்கலாம்.

2022-இல் ஜாஸ்மின் கில்லரி எழுதிய 'பை தி புக்' நாவலைப் பாருங்கள். நாயகி இசபெல் நியூயார்க்கில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்க்கிறாள். தன் வாழ்க்கைக் கதையை எழுதித் தருவதாக ஒப்புக்கொண்டு, ஒரு பக்கம்கூட அனுப்பாமல் கலிபோர்னியாவின் சாண்டா பார்பராவில் பெரிய வீட்டுக்குள் முடங்கிக் கிடக்கும் பிரபலம்தான் அங்கே மிருகம். சாபம் என்றால் எழுத வராத புத்தகம். மந்திரம் எதுவும் தேவைப்படவில்லை.

கேள்வி: நம் ஊரிலும் இப்படி ஒரு கதை உண்டா?

பஞ்சதந்திரத்தில் பாம்பை மணந்த பெண்ணின் கதை உண்டே. பிராமணத் தம்பதிக்குப் பிள்ளையாகப் பிறந்த பாம்புக்கு ஒரு பெண்ணைக் கட்டிவைக்கிறார்கள். இரவில் அவன் சட்டையை உரித்துவிட்டு மனிதனாக வருகிறான், அப்பா அந்தச் சட்டையை எரித்துவிடுகிறார். வேறுபாட்டைக் கவனியுங்கள்: இங்கே சாபத்தை முடிப்பது அப்பா, அங்கே பெண்ணின் வாய்ச்சொல்.

கேள்வி: காப்புரிமைப் பிரச்சினை வருமா?

1740, 1756 கதைகள் எல்லாருக்கும் பொது. பேசும் மெழுகுவர்த்தித் தண்டு, பேசும் கடிகாரம், கஸ்தோன் என்ற வேட்டைக்காரன் எல்லாம் படத்துக்காரர்களுடையவை, தொடாதீர்கள். பணியாட்கள் வேண்டுமென்றால் வில்நெவ் மாளிகையில் குரங்குகளும் பேசும் பறவைகளும் இருக்கின்றன, தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நாயகன் நாயகியை எல்லாரும் எழுதிவிட்டார்கள். வேறு யாரை எழுதலாம்?

அக்காமார்களை எழுதுங்கள். பொமோன் கதையில் ஒருத்திக்கு மிக அழகான கணவன், அவனுக்குத் தன் முகத்தைத் தவிர வேறு நினைப்பே கிடையாது. இன்னொருத்திக்கு மகா புத்திசாலி, அந்தப் புத்தியையெல்லாம் மற்றவர்களை நோகடிக்கவே செலவழிக்கிறான், முதலில் மனைவியை. இப்படி இருவரும் வெந்துகொண்டிருக்கும்போது தங்கை பட்டுடுத்திச் சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வருகிறாள். எட்டு நாளில் திரும்புவதாக மிருகத்திடம் சொல்லி வந்தவள் சொன்னபடி போய்விடக் கூடாது என்று, தலைமுடியைப் பிய்த்துக்கொண்டு துக்கப்படுவதுபோல் நடிக்கிறார்கள்.

கடைசியில் தேவதை அவர்களைச் சிலையாக்கித் தங்கையின் அரண்மனை வாசலில் நிறுத்துகிறாள். கல்லுக்குள்ளும் அறிவு விழித்தே இருக்கும், தங்கள் தப்பை உணர்ந்தால் பழைய உருவம் திரும்பும் என்கிறாள். கதை அவர்களை அங்கேயே விட்டுவிடுகிறது. நல்ல கணவனைப் பார்த்தே இராத இரண்டு பெண்கள், தங்கை சந்தோஷமாக வந்து போவதை வாசலில் நின்று தினமும் பார்க்கிறார்கள். முதலில் உணரப்போவது மூத்தவளா, இளையவளா? அங்கிருந்து தொடங்குங்கள்.